சுத்த இரத்தத்தில் ஒரு கோடு

தெருவில் அவளுக்குப் பூனைக்காரம்மா என்று பெயர். வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. காலையில் கைப்பையில் பேன்சீப்பும் மூடியிட்ட சிறு குப்பிகளுமாகப் புறப்படுவாள். சந்தையின் பின்புறம், மீன் கழுவும் தொட்டியருகே சுருண்டு கிடக்கும் பூனைகளை மடியில் அமர்த்தி, தெள்ளுப்பூச்சிகளை வாரி எடுப்பாள். அந்தப் பூச்சியின் கழிவில் வாழ்ந்து, பூனையின் நகம் வழியே மனிதனுக்குள் நுழையும் பார்டோனெல்லா என்னும் நுண்ணுயிரிதான் அவளுடைய ஆராய்ச்சி. காய்ச்சல் விட்டுவிட்டு வரும். அக்குளில் நெறி கட்டும். சிலருக்கு இதய வால்வையே அரித்துவிடும். வழக்கமான சோதனைகளில் எளிதில் அகப்படாது. காரணம் தெரியாக் காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வருவோரின் இரத்தத்தில் அதைத் தேடுவதும் அவள் பொறுப்பே.

இம்மி பிசகாத கை அவளுடையது. நோயாளிகளின் இரத்தத்தோடு, ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இரத்தம் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். கிருமி இருக்கும் இரத்தத்தில் சோதனை முடிவில் ஒரு கோடு தெரியும். சுத்த இரத்தத்திலும் அந்தக் கோடு தெரிந்தால், சோதனையிலேயே எங்கோ கலப்படம் நேர்ந்திருக்கிறது என்று பொருள். இரத்தம் கேட்டு யார் வாசலில் போய் நிற்பது? தொடக்கத்திலேயே தன் கையை நீட்டிவிட்டாள். நெடுங்காலம் அவள் இரத்தம் இருந்த சோதனைக் குழாயில் கோடே தெரியவில்லை.

ஒருநாள் அதில் கோடு தெரிந்தது. மேசையைத் துடைத்தாள், மருந்துகளைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள், கையுறைப் பெட்டியையே மாற்றினாள். கோடு அசையவில்லை.

அதே வரிசையில் ஒரு தபால்காரரின் இரத்தமும் இருந்தது. இதய வால்வில் தொற்றோடு, மூச்சு வாங்கப் படுக்கையில் கிடந்தார். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருத்துவர்கள் இருட்டில் துழாவிக்கொண்டிருந்தார்கள். அவருடைய குழாயிலும் கோடு தெரிந்தது. ஆனால் சுத்த இரத்தமே கறைபட்டிருக்கும்போது அதை யார் நம்புவது?

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்மா," என்றார் ஆய்வகத் தலைவர். "தப்பான முடிவைக் குடுத்து, அந்த மனுஷனுக்குத் தப்பான மருந்து போயிடுச்சுன்னா?"

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சார்."

"வாரம் என்ன மரத்துலயா காய்க்குது? அவர் கிடக்குற கிடப்புக்கு ரெண்டு நாள் தாங்குனா பெரிசு."

அன்று வீடு திரும்பி, முழங்காலைத் தேய்த்தபடி நாற்காலியில் சாய்ந்தாள். தட்டை எதிரே வைத்த கணவர், தையற்கடைக்காரர், வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் காய்ச்சல் பாக்குறே. மாசக்கணக்கா முட்டி வலிங்குறே, சாயங்காலமானா உடம்பு காயுதுங்குறே. உனக்கு யாரு பாக்குறது?"

"வயசாகுதுல்ல."

"எனக்கும்தான் ஆகுது. நான் காயலையே."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. மருந்தில் கலப்படம் என்றால் எல்லாக் குழாயிலும் அல்லவா கோடு வர வேண்டும்? இரத்தமே சேர்க்காமல் வெறும் தண்ணீர் வைத்துச் சோதித்த குழாய் சுத்தம். பாதி நோயாளிகளின் குழாய்களும் சுத்தம். அளவுகோலையே அளந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

"நாளைக்கு எங்கூட வாங்க," என்றாள். "கொஞ்சம் இரத்தம் வேணும்."

"ஊசின்னா எனக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

"விடிஞ்சா பொழுதுபோனா ஊசியோடதானே இருக்கீங்க."

"அது துணியைக் குத்துற ஊசிடி. அதுக்கு வலிக்காது."

வந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையைக் கொடுத்தார். அவள் தன்னையே நம்பவில்லை; இருவரின் இரத்தத்தையும் தலைவரையே எடுக்கச் செய்து, எது யாருடையது என்று தனக்குத் தெரியாதபடி குழாய்களில் குறியிடச் சொன்னாள். தபால்காரரின் இரத்தத்தையும் கூடவே சோதித்தாள்; அதில் மறுபடியும் கோடு. குறியிட்ட இரண்டு குழாய்களில் ஒன்றில் கோடு இல்லை. மற்றதில் பளிச்சென்று கோடு. தலைவர் குறியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது நீதாம்மா."

"அப்போ கலப்படம் இல்ல சார்," என்றாள். அவள் முகத்தில் கண்டது அச்சமன்று, நிம்மதி. "தபால்காரர் முடிவு சரி. மொதல்ல அதை வார்டுக்கு அனுப்புங்க. என்னை அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று மாலையே தபால்காரருக்கு மருந்து மாற்றப்பட்டது. அவளோ, தன் குழாயில் கோடு தோன்றிய நாள் தொட்டுச் செய்த சோதனைகள் அத்தனையையும் கணவரின் இரத்தத்தை வைத்து மறுபடி செய்தாள். ஆய்வறிக்கையில் நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதினாள்.

"இதை எழுதித்தான் ஆகணுமா? சிரிப்பாங்க," என்றார் தலைவர்.

"சிரிக்கட்டும் சார். பூனை பிடிக்கிற இன்னொருத்தி தன் கையை நீட்டுறதுக்கு முன்னாடி யோசிப்பா இல்ல."

சில வாரங்கள் கழித்து, மருந்து வாங்கும் வரிசையில் தபால்காரர் அவளுக்கு முன்னால் நின்றார். இளைத்திருந்தார், ஆனால் தம் காலில் நின்றார். அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையை எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கும் இதேதானாம்மா? என்னை எங்க வீட்டுப் பூனை கீறிச்சு."

"என்னைக் கீறினது ஊர்ப் பூனைங்கண்ணே," என்றாள் அவள். "அதுக்குச் சம்பளமும் குடுத்தாங்க."

அவர் விலா நோவச் சிரித்தார்; மூச்சு வாங்கவில்லை. அவள் கவனித்தது அதைத்தான்.