கோழிப்பண்ணைக்காரர் எழுதிய விலங்கியல் தேர்வு

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் வாத்தியார்களைக் கண்டால் நடுங்குவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். பிள்ளைகள் யாருக்கும் பயப்படுவதில்லை. பயப்படுகிறவர்கள் பெற்றோர்கள்தான். பள்ளியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி போனால் போதும், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. 'வெள்ளை சாக்ஸ் கொண்டுவரவும்' என்றால் மறுநாள் காலையில் கேட்டில் சாக்ஸோடு நிற்பார்கள். 'முடி வெட்டி அனுப்பவும்' என்றால் பிள்ளையோடு சேர்ந்து அப்பாவும் வெட்டிக்கொண்டு வருவார். இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் கண்ணைத் திறந்து வேலை செய்திருக்கலாம். செய்யவில்லை. என்ன இப்போது?

நான் அங்கே பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். சேலத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று அம்மாவிடம் போனில் புலம்புவது என் வாராந்தர ஜெபம். அந்த வருடம்தான் நிர்வாகம் ஒரு கற்றல் மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தது. இனிமேல் பரீட்சையெல்லாம் கம்ப்யூட்டரில்தானாம். நாங்கள் கேள்விகளை ஏற்ற வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், கடைசியில் 'யாருக்கு?' என்று ஒரு பெட்டி கேட்கும், அதில் குழுவைப் பார்த்து டிக் போட வேண்டும். எங்கள் டாக்டர் பேட்சுக்கு, அதாவது மருத்துவ நுழைவுத் தேர்வுக்கென்று தனியாகப் பிரித்து விடியற்காலையிலிருந்து போட்டு அரைக்கும் பிரிவுக்கு, அந்தப் பெட்டியில் இரண்டு குழுக்கள் இருந்தன. மேலே மாணவர்கள், கீழே பெற்றோர்கள். விடுதிப் பிள்ளைகளிடம் போன் கிடையாதே, அதனால் சாப்பாட்டுப் பட்டியலும் விடுமுறை அறிவிப்பும் அனுப்பப் பெற்றோருக்கும் அதிலேயே கணக்குத் திறந்து வைத்திருந்தார்கள். எனக்கு சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீழே இருந்ததில் டிக் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு; மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை என்று ஒரே பாடம். விடியற்காலைப் பஸ்ஸில் திரும்பி வந்து பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்தேன். எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: உங்களுக்குத் தேர்வு எதுவும் இல்லை. வகுப்பே கைதட்டியது. ஆனால் என் திரையில் 'எழுதிக்கொண்டிருப்பவர்கள்' என்ற இடத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பேயா எழுதுகிறது?

முதல் போன் ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. "மிஸ், ஏனுங் மிஸ், குக்கர் வெச்சுட்டனுங்க. அந்தக் கடியாரத்தக் கொஞ்சம் நிறுத்தி வெக்க முடியுங்களா?"

மாதாவே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். பெற்றோர் குழுவுக்கு டிக் போட்டிருக்கிறேன், ஆரம்பித்த தேர்வை நிறுத்தவும் அதில் வழியில்லை. அடுத்த போன் ஒரு லாரி முதலாளி. ஆந்திராப் பக்கம் ஏதோ டோல்கேட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எழுதுகிறாராம். "நாலாவது கேள்விக்குப் பெரும்பாலும் சி தானுங்களே வரும்?" என்று ரகசியமாகக் கேட்டார். ஒருவருக்காவது இது நமக்கு எதற்கு என்று தோன்றியிருக்கக் கூடாதா? பள்ளியிலிருந்து வந்திருக்கிறது, எழுதாவிட்டால் ஆப்சென்ட் என்று போட்டிருக்கிறது. அவர்களுக்கு அது போதும்.

லேபில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். "மிஸ், ஒண்ணு சொல்லட்டுங்களா? எங்களுக்கு வராத பரீட்சைய எழுதலைன்னு எங்களுக்கு ஆப்சென்ட் போட முடியாதுங்க."

அவள் எப்போதுமே இப்படித்தான். விடுதியில் தோசை சின்னதாகிவிட்டது என்று வார்டனிடம் அரைமணி நேரம் வாதாடி ஜெயித்தவள். வக்கீலாக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அப்பா கோழிப்பண்ணைக்காரர், பெரிய பண்ணை. "ஊட்டுக்கு ஒரு டாக்டர் வேணும்" என்பதற்குமேல் அவரிடம் பேச்சே இல்லை. டாக்டர் பேட்சிலிருந்து சாதாரணப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று அவள் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், அவர் அசையவில்லை. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள், கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வாய் மட்டும்தான் அப்படியே இருந்தது. அந்தப் பெண் இரண்டு வருடம் இதில் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

பதினோரு மணிக்கு வந்தது பெரிய கூத்து. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ராங்க் பட்டியல் போடாமல் பரீட்சையே கிடையாது. அந்த மென்பொருளிலும் அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். நேரம் முடிந்ததும் அதுவாகவே பெற்றோர்களை வரிசைப்படுத்தி, மார்க்கோடு எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிட்டது. பிரின்சிபால் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பெற்றோர் ஆசிரியர் உறவை வளர்த்திருக்கேன் சார்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் சிரிக்கவில்லை.

கடைசி ராங்க் யார் தெரியுமா? கோழிப்பண்ணைக்காரர்தான். இருபத்தைந்து கேள்வி, சரியான விடைக்கு நாலு மார்க், தப்புக்கு ஒன்று கழிவு என்பது எங்கள் கணக்கு. அவருக்கு மைனஸ் பதினொன்று. அவர் சகலையின் பையனும் அதே பேட்ச். சகலை எல்லாக் கேள்வியையும் தொடாமல் விட்டு, சும்மா உட்கார்ந்திருந்து, பூஜ்யம் வாங்கி இவரை முந்திவிட்டார்.

திங்கட்கிழமை காலை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு மனிதர் வந்து இறங்கினார். திட்டு விழப்போகிறது என்று நான் மன்னிப்பையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் தப்பாக வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏனுங் டீச்சர், பூஜ்யத்துக்குக் கீழ எப்படிங்க மார்க்குப் போவும்?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "செரி. மறுபரீட்சை வையுங்க. என்ற சகலை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானுங்க. கல்யாண ஊட்டுல தல காட்ட முடியல."

"அது பிள்ளைங்களுக்கு வெச்ச தேர்வுங்க. உங்களுக்கு எதுக்கு?"

"அதெல்லாம் இல்லீங்க. எழுதோணும்."

அப்பா வந்திருக்கிறார் என்று பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அவள் வாசலில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்தாள், அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க மறுபரீட்சைல நாப்பது மார்க்கு வாங்கிட்டா நான் வாயத் தொறக்காம டாக்டருக்குப் படிக்கிறேன். வாங்கலைன்னா என்னய இந்தப் பேட்ச்ல இருந்து எடுத்துருங்க. நான் சட்டம் படிக்கிறேன்."

அவர் மீசைக்குள் சிரித்தார். "ஒரே பாடந்தான சாமி? அடுத்த மாசம் பார்வையாளர் நாளுக்கு எழுதிப்போடறேன்."

"அதே பாடம், அதே நேரம், அதே கழிவு. லேப்ல எங்க முன்னாடி எழுதோணும். சித்தப்பா பக்கத்துல உக்காரக் கூடாது."

"ஒத்துக்கிட்டேன்."

வெளியே வந்ததும் அவளிடம் மெல்லச் சொன்னேன், கேள்வியெல்லாம் என் கையில்தானே இருக்கிறது என்று. ஆமாம், சொன்னேன். எனக்கு அந்தப் பெண் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவள் என்னை முறைத்தாள்.

"வேண்டாங்க மிஸ். கஷ்டமா வெச்சீங்கன்னா அப்புறம் அது செல்லாதும்பாரு. பிள்ளைகளுக்கு வெச்ச மாதிரியே வையுங்க."

அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். "டீச்சர், தவளைக்கு எதுக்குங்க மூணு அறை இருதயம்? நாலு வெச்சிருந்தா என்ன கொறஞ்சிரும்?" மண்புழுவைப் பற்றி ஒரு நாள், கரப்பான்பூச்சியின் கால் கணுவைப் பற்றி இன்னொரு நாள். பண்ணை ஆட்களே போனில் என்னிடம் அழுதார்கள்: "அம்மிணி, மொதலாளி ஷெட்டுக்குள்ள வந்தாலும் புத்தகத்தோடதான் வாரார். தீவனம் எறங்கிச்சான்னு கேட்டா கரப்பாம்பூச்சிங்கறார்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டே வந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பார்வையாளர் நாள் வந்தது. பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்கள் வழக்கமாக வளாகம் முழுக்க வேப்பமரத்தடியில் பெட்ஷீட் விரித்து, கேரியரைத் திறப்பார்கள், பிரியாணி வாசம் மணக்கும். அன்றைக்கு அத்தனை பேரும் கேரியரை மூடி வைத்துவிட்டு லேப் ஜன்னலில் வந்து தொங்கினார்கள். சகலை முதல் ஜன்னல். நான் 'யாருக்கு?' பெட்டியில் அவர் ஒருவர் பெயரை மட்டும் தேடி டிக் போட்டுவிட்டு, சரிதானா என்று அவர் பெண்ணையே அழைத்துக் காட்டினேன். நமக்கு எதற்கு வம்பு?

எழுத ஆரம்பித்தார். ஏசியிலும் வியர்த்தது. துண்டால் துடைத்துக்கொண்டே மவுசைப் பிடித்திருந்தார், பாம்பைப் பிடித்த மாதிரி. சில கேள்விகளில் உதடு அசைந்தது. ஒரு கேள்வியில் தானே சிரித்துக்கொண்டார். பெண் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தோற்றுவிடு, தோற்றுவிடு என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். ஜெபமாலை கையில் இருந்திருந்தால் உருட்டியிருப்பேன்.

நேரம் முடிந்தது. திரையில் எண் வந்தது. நாற்பத்து நான்கு.

ஜன்னலில் விசில் பறந்தது. சகலை முகம் சுருங்கியது. அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் ஒன்றும் வாதாடவில்லை. மேஜை மேல் வைத்திருந்த விலங்கியல் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "செரிங்கப்பா. சொன்னது சொன்னதுதான்" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்த மாதிரி மொத்தம் எத்தன பாடமுங்க?"

"உயிரியல்ல மட்டும் முப்பதுக்கு மேலங்க. இயற்பியல், வேதியியல் தனி."

"இந்த ஒண்ணுக்கே எனக்குச் சோறு எறங்கலீங்க. கண்ண மூடுனா மண்புழு. பொண்டாட்டி பேசுனா காதுல உளுவல. எப்படா முடியும்னு இருந்துச்சு." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம் பெண் பக்கம் திரும்பினார். "உனக்குப் புடிக்காம, இத்தனயும் தெனம் படிக்கிறயா சாமி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப உட்று. வந்துரு. சட்டமே படி."

"நீங்கதானப்பா ஜெயிச்சீங்க?"

"ஜெயிச்சவனா இருக்கறதாலதான் சாமி சொல்றேன். தோத்துப்போயிச் சொல்லியிருந்தா, நாளைக்கே மாத்திப் பேசியிருப்பேன்."

 எனக்கு மூக்கை உறிஞ்சவேண்டியிருந்தது. அவள் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். என்னிடமிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கேட்டு வாங்கி அப்பா முன்னால் நகர்த்தினாள்.

"மாத்திப் பேசற ஆளுதான்னு நீங்களே சொல்லிட்டீங்க. பிரின்சிபாலுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கப்பா."

"சொல்லு, எழுதறேன்" என்று அவர் பேனாவைத் திறந்தார். முதல் வரியைச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் காத்திருந்தார்.