சங்கு ஊதாத குழி

இது நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். சண்முகவடிவின் முன்னால் மட்டும் சிரித்துவிட வேண்டாம்.

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம், அங்கிருந்த துரைக்கும் பயம் பிடித்துக்கொண்டது. தேயிலை ஸ்டோரில் கையால் சுற்றுகிற சைரன் ஒன்றை வைத்தார். சனங்கள் அதைச் சங்கு என்றார்கள். அது ஏறி இறங்கி அழுதால் ஓடிப்போய், சரிவில் குடைந்து வைத்த குழிக்குள் பதுங்க வேண்டும். ஒரே சீராக ஊதினால் வெளியே வரலாம். சண்டை முடிந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழி மட்டும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே புதர் மண்டிக் கிடந்தது.

சண்முகவடிவு இதற்கெல்லாம் பிறகு, நானுஓயாப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு இறங்கி வரும்போது, ஸ்டோர்ப் பக்கமிருந்து ஊஊ... என்று ஏறி இறங்கி ஒரு சத்தம். கூட வந்தவர்களுக்குக் கேட்கவில்லை. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

லயத்துக்கு வந்தால், ஆறு வயது மகள் அஞ்சலையைக் காணோம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா, பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீழே ஓடியதைப் பார்த்திருக்கிறாள். சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது. சண்டைக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கிய ஓட்டம் அது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சண்முகவடிவு விழுந்தடித்து ஓடினாள். குழிக்குள் இருட்டு. ஈர மண் வாசனை. மூச்சுச் சத்தம்...

ஒரு மூச்சு இல்லை. பல மூச்சு.

"அஞ்சல... வெளிய வாடி."

"சத்தம் போடாதம்மா," என்றது மகளின் குரல். "எங்களுக்கு இன்னும் சங்கு ஊதல."

கையை விட்டுத் துழாவி, அகப்பட்ட சட்டையைப் பிடித்து இழுத்தாள். நல்லவேளை, அஞ்சலைதான்.

அன்றிரவே காய்ச்சல் அடித்தது. பேச்சில்லை, சோறில்லை. புருஷன் வீரய்யா டிஸ்பென்சரி மருந்தைக் கொடுத்துப் பார்த்தான். கேட்கவில்லை. பிள்ளை கைநழுவிப் போவதைப் பார்த்த பிறகுதான் ராசம்மா வாயைத் திறந்தாள். குண்டு போட்ட வருஷம் இந்த மலைப்பக்கம் விமானம் ஒன்றும் வரவில்லையாம். பழக்கிப் பார்க்கத்தான் சங்கு சுற்றினார்களாம். அடைமழையில் குழியின் உள்பாதி இடிந்து, பதுங்கியிருந்த பிள்ளைகள் மண்ணோடு போய்விட்டார்கள். மண் சரிந்துகொண்டே இருந்ததால் உடல்களை எடுக்க முடியவில்லை. அதனால் கருமாதியும் இல்லை, சாவுச் சங்கும் இல்லை.

பிள்ளை சொன்னது எந்தச் சங்கு என்று அப்போதுதான் சண்முகவடிவுக்குப் புரிந்தது.

"ஊதச் சொல்லுங்க," என்று புருஷனிடம் அழுதாள். "அதுங்க போயிட்டா எம்புள்ளைய விட்டுடும்."

மறுநாள் காலையில், தோட்டத்துச் சாவுகளுக்குச் சங்கு ஊதுகிற ஆண்டியப்பன் குழி வாயில் நின்று ஊதினார். ஒரே சீராக... நீளமாக. சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள். சண்முகவடிவுக்குப் போன உயிர் திரும்பியது போல இருந்தது.

லயத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ராசம்மா.

சங்குச் சத்தம் கேட்டதும் அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாளாம். காய்ச்சல் விட்டிருந்ததாம். சிரித்தாளாம்.

"எங்களுக்கு ஊதிட்டாங்க அத்தை... நாங்க போறோம்."

பிறகு அவள் கண் திறக்கவில்லை.