கண்டம் பண்ணிய ஸ்பானர்கள்

கிறிஸ்துராஜுக்கு ஸ்பானர்களின் பெயரெல்லாம் தெரியும். பிடிக்கத்தான் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக ஸ்டோர்ஸ் கிளார்க். கம்பி வலை போட்ட சன்னலுக்கு உள்ளே அவன், வெளியே தொழிலாளிகள். அவர்கள் பித்தளை டோக்கனை நீட்டிக் கேட்பதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பான், சாயந்திரம் திரும்ப வாங்கி வைப்பான். எந்தத் தட்டில் எது இருக்கிறது, எதன் வாய் விரிசல் விட்டிருக்கிறது, எதைக் கடைசியாக யார் கொண்டுபோனார்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆனால் ஆவடியில் அவன் வீட்டில் ஒரு கதவுத் தாழ்ப்பாள் ஆடினால், பக்கத்து வீட்டுக் கஜபதியைத்தான் கூப்பிட வேண்டும்.

கஜபதி அதே கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். வந்து சரிசெய்துவிட்டு, கூடவே ஒரு நக்கலும் அடித்துவிட்டுப் போவார். ஆயிரம் ஸ்பானருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் வீட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லையே என்பார். கிறிஸ்துராஜ் சிரித்துக்கொள்வான். அவன் மனைவி தெரசாவுக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

தெரசாவுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வலது காலைவிடக் குட்டையும்கூட. காலேஜ் சேர்ந்த வயதில் பெரியாஸ்பத்திரியில் அளவெடுத்து உயரமான அடி வைத்த ஷூ ஒன்று செய்து கொடுத்தார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்ததால் அது பரணுக்குப் போய்விட்டது. இடது முழங்கால்மேல் கையை ஊன்றிக்கொண்டு சாதாரணச் செருப்பிலேயே நடப்பாள். பி.எட். படித்தவள். ஏழு வருஷமாக எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கு எழுதிப் போட்டாள். 1987 ஏப்ரல் கடைசியில் முதல்முறையாக ஒரு பதில் வந்தது. சென்னீர்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர் வேலை, ஜூன் முதல் தேதி வந்து சேர வேண்டும்.

சந்தோஷம் ஒரு ராத்திரிதான் தங்கியது. ஆவடியிலிருந்து சென்னீர்குப்பம் பெரிய தூரமில்லை. ஆனால் காலை நேரத்துப் பூந்தமல்லி பஸ்ஸில் இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனே தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருமுறை அதன் படியில் ஏறும்போதே வண்டி நகர்ந்து, தெரசா ரோட்டில் விழுந்திருக்கிறாள். தினமும் ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் முறை வரவில்லை. இருப்பது ஒரு பழைய புல்லட். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஹவில்தாரிடம் வாங்கியது. மனுஷன் தனிக்கட்டை போலிருக்கிறது. வண்டியில் பெண்கள் உட்கார்ந்தால் கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் கிடையாது, சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு கிடையாது. தெரசா அதில் ஏறியதே இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளை மெக்கானிக்கிடம் கூட்டிப்போனான். மார்க்கெட் பக்கத்தில் கடை, எதிரே டீக்கடை. மெக்கானிக் பாவம், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஏறிக் காட்டுங்கம்மா, எங்கே படி வைக்கணும்னு பார்க்கிறேன் என்றான். டீக்கடையில் இருந்த எட்டுப் பத்துப் பேரும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். தெரசா பாதி ஏறினாள், முடியாமல் இறங்கினாள், சேலையை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றாள். வேலை வேண்டாமென்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டுவிடுகிறேன் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். அழுதிருந்தால்கூட அவன் சமாதானம் சொல்லியிருப்பான். அவள் அழவில்லை. அதுதான் அவனைக் கதிகலங்க வைத்தது.

அந்தப் பயத்தில்தான் வாயை விட்டான். நானே வீட்டில் வைத்துச் செய்கிறேன், ஏறி இறங்கிப் பார்த்து, சரியாக வரும்வரை கழற்றிக் கழற்றி மாட்டலாம் என்றான். தெரசா அவன் கைகளைப் பார்த்தாள். மைப்பேனா பிடித்த கை. கடைசியில், கேட்டைச் சாத்திவிட்டுச் செய்ய வேண்டும், நான் ஏறுவதைக் கஜபதி அண்ணன்கூடப் பார்க்கக் கூடாது, அப்படியானால் சரி என்றாள்.

ஆயுதம் இல்லாமல் என்ன செய்வது? பிராட்வேக்குப் போய், ஆறிலிருந்து இருபத்திரண்டு மில்லிமீட்டர் வரைக்கும் பளபளவென்று ஒரு ஸ்பானர் செட் வாங்கிவந்தான். மில்லிமீட்டர்தான் இனிமேல் என்பது அவனுக்கு நிச்சயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் பழைய இங்கிலாந்து லேத்துகளை எடுத்துவிட்டுப் புது மிஷின்கள் போட்டபோது, இன்ச் ஸ்பானர்களை எல்லாம் இனி உதவாதென்று கண்டம் பண்ணி எடைக்குப் போட்டார்கள். லிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கேட்டைச் சாத்தினான். பின்பக்க நட்டு ஒன்றில் பன்னிரண்டை வைத்தான், நுழையவில்லை. பதிமூன்று லொடலொடவென்று ஆடியது. பரவாயில்லை என்று பதிமூன்றைப் போட்டுப் பலம்கொண்ட மட்டும் இழுத்தான். ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டி நாலும் தோல் உரிந்து, நட்டின் மூலைகள் மழுங்கிப்போயின. வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. ஒரு நட்டைக்கூடக் கழற்றத் துப்பில்லாதவன், இவள் வேலைக்கு வழி பண்ணப் போகிறானாம்.

சத்தம் கேட்டுக் கஜபதி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். வண்டியைப் பார்த்தார், ஸ்பானரைப் பார்த்தார்.

“இன்னா நைனா, இது இன்ச் வண்டியாச்சே. ரெண்டு மூட்டை கட்டி எடைக்குப் போட்டியே, அதாம்பா இதுக்கு வேணும்.”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கிறிஸ்துராஜுக்கு வந்த கோபத்தில் பதிமூன்றாம் நம்பரை அவர்மேல் எறிந்திருப்பான். ஆனால் சிரிப்பு ஓய்வதற்குள் அவனுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அந்த மூட்டைகளை எடுத்தவர் பூந்தமல்லி பஷீருதீன். உருக்குவதற்குப் போயிருந்தால் போயிற்று, போகாமல் இருந்தால்?

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே பூந்தமல்லிக்கு விட்டான். வண்டியில் கையாலேயே கழன்றுவந்த ஒரு நல்ல நட்டைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்திருந்தான். பஷீருதீன் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு மூட்டை போய்விட்டது, இன்னொன்று அடியில் கிடக்கிறது என்றார். இழுத்துக் கவிழ்த்தார்கள். துருவுக்கு அடியில், ஒவ்வொரு கைப்பிடியிலும் ஸ்டோர்ஸ் அடையாளமாக அவனே தீட்டிய பச்சைப் பெயின்ட் தெரிந்தது. காணாமல்போன ஆட்டுக்குட்டி கிடைத்ததுபோல் இருந்தது அவனுக்கு.

பஷீருதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீங்கதான சார் வேஸ்ட்டுனு எழுதிக் குடுத்தீங்க? இப்ப நீங்களே வந்து பொறுக்கினு கீறீங்க?”

பொறுக்கத்தான் செய்தான். ஒரு மணி நேரம் பொறுக்கினான். வாய் அகன்றதைத் தள்ளினான், கழுத்தில் கீறல் விட்டதைத் தள்ளினான். ஒவ்வொன்றையும் அந்த நட்டின்மேல் வைத்து ஆட்டிப் பார்த்தான். துளி ஆடினாலும் வேண்டாம். திருகினால் எல்லா அளவுக்கும் வாய் விரியும் ஸ்க்ரூ ஸ்பானர் ஒன்றைப் பஷீருதீன் நீட்டினார். ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆச்சு என்றார். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் இறுக்கிப் பிடிக்காது என்று உரிந்த முட்டியைக் காட்டினான். நட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ரிங் ஸ்பானர் நாலு, மூன்று சாதா, ஒரு அரம், ஒரு கை டிரில். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, அடுத்தவன் டோக்கனுக்கு இல்லாமல் தனக்கென்று எடுத்தான்.

எதற்கென்று கேட்டார் பஷீருதீன். சொன்னான். அவர் உள்ளே போய், புள்ளி புள்ளியாக மேடு வைத்த கனமான அலுமினியத் தகடு ஒன்றைத் தூக்கிவந்தார். பழைய பஸ் ஒன்றின் படிக்கட்டில் இருந்ததாம், மழையிலும் கால் வழுக்காதாம். வீட்டம்மாவுக்கு வைத்துக் கொடுங்கள் என்றார். தெரசாவைக் கீழே தள்ளிய பஸ் படியே அவளைத் தூக்கி உட்கார வைக்கட்டும் என்று கிறிஸ்துராஜ் அதை வாங்கிக்கொண்டான்.

பத்து நாள் சாயந்திரங்கள் அதிலேயே போயின. ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி, இரண்டு காலையும் வைக்கத் தகட்டில் ஒரு ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தை மறைத்துக் கம்பியில் சாரி கார்டு, பிடித்துக்கொள்ள சீட்டுக்குப் பின்னால் ஒரு வளையம். இரும்புக் கடையில் பழைய உருப்படிகளாகப் பார்த்து வாங்கி, அராவி, துளை போட்டு மாட்டினான். மழுங்கின நட்டைக்கூட அரத்தால் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்துவிட்டான். தெரசா மூன்றாவது தடவையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மே இருபத்துநாலாம் தேதி திருநின்றவூர் ஏரிவரை போய்வந்தார்கள். போகும்போதும் வரும்போதும் கிறிஸ்துராஜ் சத்தமாகப் பாடினான், சுருதி சேராமல். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றாள். மறுநாள் கேட்டான். நன்றாக இருக்கிறது. அதற்கு மறுநாளும் அதே.

வியாழக்கிழமை சென்னீர்குப்பம்வரை போய்த் திரும்பினார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தான். குனிந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது பாதம் சாரி கார்டின் கம்பியோடு கைக்குட்டையால் கட்டப்பட்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இடது கால் ஃபுட்ரெஸ்ட்டை எட்டவே இல்லை. இத்தனை நாளும் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது, மரத்துப்போய் ஆடியிருக்கிறது. ஆடிச் சக்கரத்துப் பக்கம் போய்விடுமோ என்று கட்டியிருக்கிறாள். வண்டி சாய்ந்திருந்தால் அவளைக் காலோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஸ்பானர் ஆடுகிறதா என்று அத்தனை தடவை பார்த்தவன், இவள் கால் எட்டுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

“ஏன் சொல்லல?” என்றான். குரல் உயர்ந்துவிட்டது.

“கையெல்லாம் தோலு உரிஞ்சி செஞ்சீங்க. பாட்டு வேற பாடினு வந்தீங்க. எப்பிடிங்க சொல்றது?”

கேட்டைச் சாத்தக்கூட மறந்து, அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பாதத்தில் கைக்குட்டை அழுத்திய தடம் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, எவ்வளவு எட்டாமல் இருக்கிறது என்று கேட்டான். தெரசாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பைபிளுக்குள் வைத்திருந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்தாள். ஷூவுக்காக டாக்டர் எழுதியது. இடது கால், இரண்டேகால் இன்ச்.

ஜூன் முதல் தேதிக்கு நடுவில் மூன்றே நாள். தகட்டை இரண்டாக அறுத்து, இடது பாதிக்குக் கீழே முட்டுக்கொடுத்து, இரண்டேகால் இன்ச் உயர்த்த வேண்டும். அவள் வண்டிமேல் உட்கார்ந்திருக்கும்போதே மாட்டினால்தான் சரியான இடம் தெரியும். வண்டியைச் சாயாமல் பிடிக்கவும் அவனே, நட்டை முடுக்கவும் அவனே என்றால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தெரசா, மேலே உட்கார்ந்தபடியே மதில் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“கஜபதி அண்ணே, கொஞ்சம் வந்து வண்டியைப் புடிங்க.”

கஜபதி வந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். ஒரு நக்கல் இல்லை. கிறிஸ்துராஜ் கடைசி நட்டை முடுக்கி முடித்ததும், அவர் ஒரு தடவை குனிந்து முடுக்கிப் பார்த்தார். அது இம்மியும் நகரவில்லை. “சரியா கீதுப்பா” என்றார். பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலை. வலது கால் கீழ்த் தட்டிலும் இடது கால் மேல் தட்டிலும் பதிந்திருக்க, தெரசா மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துராஜ் பாடவில்லை. மேட்டுக்கு மேடு வேகத்தைக் குறைத்து, கால் சரியாக இருக்கா, சரியாக இருக்கா என்று கேட்டுக்கொண்டே போனான். நாலாவது தடவை, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அவள் அதட்டினாள். அந்த அதட்டலில் அவனுக்குப் பாதி உயிர் வந்தது. பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடக் கையை நீட்டினான். அதற்குள் அவள் வளையத்தைப் பிடித்து, படியில் கால் வைத்து, தானே இறங்கிவிட்டாள். உங்களுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு, முழங்கால்மேல் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே போனாள். அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு ஸ்டோர்ஸ் சன்னலைத் திறக்க இருபது நிமிஷம் தாமதம், டோக்கனோடு நின்றவர்கள் திட்டினார்கள். அதுவும் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

தொண்ணூறில் ஒருநாள் ஸ்கூட்டர் முறை வந்துவிட்டதென்று கடிதம் வந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்த கடிதம். கிறிஸ்துராஜ் அதைப் படித்துக் காட்டி, தாழ்வான வண்டி, ஏறுவதற்கு உனக்குச் சுலபம், வாங்கிவிடலாமா என்று கேட்டான். தெரசா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அதுல எனக்கு ரெண்டேகால் இன்ச் யாரு வெச்சிருக்காங்க?” என்று கேட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தாள்.

அவன் கடிதத்தை மடித்து டிராயரில் போட்டான். பிறகு பச்சைப் பெயின்ட் அடித்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு, ஃபுட்ரெஸ்ட் நட்டுகளை ஒரு தடவை முடுக்கிவிட்டு வரலாமென்று வெளியே போனான்.