தூக்குக் கட்டில்

கோஜாம் மலைச்சரிவில் இருக்கும் அந்த ஊருக்குத் தூக்குக் கட்டில் ஒன்றே ஒன்றுதான். இரண்டு யூகலிப்டஸ் கம்புகள், நடுவில் மாட்டுத்தோல் வார்கள். ஊரார் காசு போட்டு நடத்தும் சாவுச் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்து ஆண்கள் பிணத்தைத் தேவாலயத்துக்குச் சுமப்பதும் அதில்தான், பிரசவத்தில் திணறும் பெண்ணைச் சுகாதார நிலையத்துக்குச் சுமப்பதும் அதில்தான். சுமக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. படுக்கிறவளைக் கேட்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் யெஷியின் அக்கா பெலாய்னெஷ் இரண்டு நாள் வீட்டிலேயே வலியோடு கிடந்தாள். மூன்றாம் நாள்தான் கட்டிலைக் கூப்பிட்டார்கள். ஆற்றங்கரையில் மூச்சு நின்றது. அங்கேயே முகத்தை மூடி, கட்டிலைத் திருப்பி, ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு எந்தப் பெண்ணும் அதில் ஏறச் சம்மதிக்கவில்லை. அக்காவைக் கொன்றது கட்டில் அல்ல, வீட்டில் வீணாய்ப் போன இரண்டு நாள் என்பது யெஷிக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் கட்டில் கிடக்கும் பக்கமே போகமாட்டாள்.

ஆகவே தன் முறை வந்தபோது, வலி வருமுன்பே நடந்துபோய்ச் சுகாதார நிலையத்தை ஒட்டிய கர்ப்பிணிகள் விடுதியில் தங்கிவிட முடிவு செய்தாள். நல்ல யோசனை. கெடுத்தது அவள் வாய்தான். எத்தனை மாதம் என்று கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். சுகாதாரப் பணியாளர் ஹிருத் பதிவேட்டை விரித்துக் கேட்டபோதும் பழக்கத்தில் ஒரு மாதம் குறைத்தே சொன்னாள். ஈஸ்டர் கழிந்துதான் விடுதியில் இடம் என்றார்கள். திருத்திச் சொல்ல வெட்கப்பட்டாள்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பில் வலி பிடித்தது. மாமியார் வுபாலெம் வாசலை மறித்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட? அஞ்சு பெத்தேன், எல்லாம் இந்த அடுப்பங்கரையிலதான். மாதா வந்து கை குடுப்பா."

"எங்க அக்காகிட்டயும் இதத்தான் சொன்னாங்க அத்தே. ரெண்டு நாள் சொன்னாங்க."

வுபாலெம் வழிவிட்டாள். கணவன் செகாவ் ஓடிப்போய்க் கட்டிலையும் ஆறு ஆட்களையும் கூட்டிவந்தான். யெஷி ஏறவில்லை, நடந்தாள். பின்னால் வெறும் கட்டில் வந்தது, அதன் பின்னால் மாமியார்.

"கட்டிலுக்கு நல்ல யோகம். அது சவாரி வருது, புள்ளத்தாச்சி நடக்குறா" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

ஆற்றங்கரையில் வலி முறுக்க, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா போன அதே இடம். அன்று அக்காவைச் சுமந்த தாம்தேவ் பக்கத்தில் குந்தினார்.

"ஏறும்மா. அவள இங்கருந்து திருப்பிட்டோம். உன்ன அக்கரைக்குத்தான் கொண்டுபோவோம்."

ஏறினாள். தைரியத்தில் அல்ல, வேறு வழியில்லாமல். தோல் வாரைப் பிடித்துக்கொண்டு அக்கரை வரைக்கும் அழுதாள்.

மதியம் பெண் பிறந்தது. கூடவே இரத்தம் கொட்டியது. நர்சு ஊசி போட்டு, அடிவயிற்றை அழுத்தி, பெரும்பாடு பட்டு நிறுத்தினாள்.

"வீட்டுல இருந்திருந்தா இவ இல்லம்மா" என்றாள் வுபாலெமிடம்.

ஈஸ்டர் வரை நோன்பு, நெய் ஆகாது. கிழவி சுகாதார நிலைய முற்றத்தில் அடுப்பு மூட்டி, பெற்றவளுக்கு ஏது நோன்பு என்று கஞ்சிக்களியின் நடுவே நெய்யை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

நான்காம் நாள் செகாவ் கோவேறு கழுதையோடு வந்தான்.

"கட்டில் எங்க?" என்றாள் யெஷி.

"உனக்குத்தான் அது ஆகாதே."

"கொண்டாரச் சொல்லு. அதுலதான் வருவேன்."

கட்டில் வந்தது. படுத்தவளின் முகத்தை வுபாலெம் வெள்ளைத் துணியால் மூடினாள். யெஷி அதை விலக்கினாள்.

"மூடாதீங்க அத்தே. பொணம்னு நெனப்பாங்க."

"ஊர்க்கண்ணு பட்டுரும்டி."

"படட்டும். எல்லாரும் என்னப் பாக்கணும்."

வுபாலெம் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஊர் எல்லையில் கட்டிலைக் கண்டதும் பெண்கள் வேலியோரம் ஓடிவந்தார்கள். கழுதையில் வரவேண்டியவள் கட்டிலில் வருகிறாள் என்றால் பிணம்தான் என்று நினைத்தார்கள். நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கை ஓங்கிவிட்டார்கள். யெஷி முழங்கையை ஊன்றி எழுந்து குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். முதல் குலவை மாமியாருடையது.