நீலத்துணி கட்டிய குடம்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பட்டவள் நான். அதுவும் பட்டப்பகலில்.

அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகளுக்கு வாந்தியும் பேதியும். "கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர். நல்லாச் சொன்னார் போங்கள்! வீட்டில் ஒரு சொட்டு இருந்தால்தானே?

தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே ஆள் நிற்பதில்லை, குடம்தான் வரிசையில் நிற்கும். முறை வரும்போது ஆள் வந்தால் போதும். உச்சி வெயிலில் தண்ணீர் வந்துவிட்டது என்ற சத்தம் கேட்டது. துவண்டு கிடந்த பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஓடினேன்.

என் குடத்துக்கு முன்னால் நசுங்கிய குடம் ஒன்று, கழுத்தில் நீலத்துணி கட்டி. அதன் முறை வந்தது. ஆள் வரவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக இளைத்துக்கொண்டிருந்தது.

காலால் ஒதுக்கினேன். நகரவில்லை. காலிக் குடம்தான்... ஆனால் கனத்தது. இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளினேன்.

"ஐயோ, அதத் தொடாதீங்கக்கா!" பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி அலறினாள். "முதல்ல அதுல புடிங்க. அப்புறம் உங்களுது."

"ஆளே இல்லாத குடத்துக்கு என்ன மரியாதை? என் புள்ள அங்க சாகக் கெடக்குது!"

என் குடத்தை வைத்தேன். பாதி நிறைந்தது. குழாய் "கர்ர்ர்..." என்று காற்றை இழுத்து நின்றுவிட்டது.

இடுப்பு வலிக்கச் சுமந்து வந்து, சமையலறையில் குடத்தைச் சாய்த்தேன்.

ஒன்றும் விழவில்லை.

உள்ளே கையை விட்டேன். காய்ந்து கிடந்தது. பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது எனக்கு.

அப்போது உள்ளறையில்... "டக்."

டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம்.

ஓடினேன்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாருடி குடுத்தா?"

"அம்மா."

"நான் இப்பதானடி வரேன்!"

பாயோரம் வட்டமாக ஈரம்... குடம் வைத்து எடுத்த தடம்.

சாயங்காலத்துக்குள் பேதி நின்றது. மகள் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் தையல்காரர் மனைவி வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"அந்த நீலத்துணிக் குடத்துக்காரி ஒருத்தி இருந்தாக்கா. போன கோடையில அவ குடத்தையும் இப்படித்தான் தள்ளிவிட்டாங்கக்கா. வெறுங்குடத்தோட போனா. புள்ள தண்ணி தண்ணின்னு கேட்டே போயிடுச்சு. ரெண்டாம் நாள் அவளும்..."

"எந்த வீடு?"

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "நீங்க இருக்கீங்களே... இதான்."

நேற்று மகள் "அம்மா, தண்ணி" என்றாள். டம்ளரோடு ஓடினேன்.

அவள் டம்ளரை வாங்கவில்லை. என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள்.

"உன்னக் கூப்பிடல."