இயந்திரம் எடுத்த வருகைப்பதிவு

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பில் முதலில் பழக வேண்டியது அதிர்ச்சி. புரோகிராம் எல்லாம் பிறகுதான். இதில் மாட்டிக்கொண்ட சக மாணவர்களுக்குப் புரியும்.

எங்கேயும் இல்லாத இயந்திரம்

தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இயந்திரக் கோட்பாட்டு வகுப்பில் மேடம், முடிவே இல்லாத நாடா கொண்ட ஓர் இயந்திரத்தைப் போர்டில் வரைந்தார். லேபில் அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"உலகத்துல எங்கேயும் கிடையாதுப்பா. ஆனா செமஸ்டர்ல பதிமூணு மார்க்குக்கு வரும்."

நிற்குமா, நிற்காதா?

நானும் நண்பன் ரியாஸும் எழுதிய புரோகிராம் ஒரு மாலை லேபில் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. இது நிற்குமா என்று லேப் உதவியாளர் கேட்டார். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் பொது வழி கிடையாது, அதை நிரூபித்தே விட்டார்கள் என்று அன்று காலை படித்ததை விளக்கினேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"நின்னுடுச்சு பாரு தம்பி. நான் செங்கல்பட்டு வண்டியப் பிடிக்கணும்."

நூற்றுக்கு நூறு

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் எங்கள் புராஜெக்ட். தேறாவிட்டால் அரியர், அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூ பக்கமே போக முடியாது. வகுப்பில் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்து வாரக்கணக்கில் படம் எடுத்தேன். பாதிப் படங்களைக் காட்டிப் பழக்கினோம். மீதியை வைத்துச் சோதித்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. ரியாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், நூறு வந்தா சந்தேகப்படணும்டா. நான் வாங்குன நூறெல்லாம் எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியும்."

ஜன்னலோரத்து பிரபு

ரிவ்யூ அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், காற்றுக்காக ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தார். அது பிரபுவின் இடம். பிரபு காய்ச்சலில் சிட்லபாக்கத்தில் படுத்திருந்தான். கேமராவைத் திருப்பினேன். திரையில் 'பிரபு, பிரசன்ட்'. பதறிப்போய் அவரை எழுந்திருக்கச் சொன்னேன். காலி பெஞ்சைப் பார்த்தும் 'பிரபு, பிரசன்ட்'. இயந்திரம் முகத்தைப் படிக்கவே இல்லை, பெஞ்சையும் ஜன்னல் கம்பியையும் மனப்பாடம் செய்திருந்தது.

"ஆள் வராமலே பிரசன்ட் போட மெஷின் எதுக்குப்பா? உங்க கிளாஸ்ல ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லையா?"

இடமாற்றம்

தவறு எங்கே என்று விளக்கியதால் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். எல்லோரையும் இடம் மாற்றி உட்காரவைத்து மறுபடி படம் எடுக்க வேண்டும். காய்ச்சல் தேறி வந்த பிரபுவை முதல் பெஞ்சுக்கு அனுப்பினேன்.

"உன் மெஷினுக்கு அறிவு வரணும்னு நான் ஏன்டா மேடம் கண்ணுல படணும்?"

கடைசியில் அரியர் இல்லாமல் தேறிவிட்டோம், ஆனால் கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற என்னை மட்டும் யாரும் படம் எடுக்காததால், நான் செய்த இயந்திரத்துக்கு நான் இன்றுவரை ஆப்சென்ட்.