ஊசிக்குப் பதில் அன்னாசி

தெஹியோவிட்ட பக்கத்து றப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த கிருஷ்ணகுமாரி, இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர். அந்தத் தோட்டத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதை அவள் ஒளித்து வைப்பதுமில்லை.

அன்று வந்தவர் முத்துவீரன், பால்வெட்டுத் தொழிலாளி. கண் இரண்டும் மஞ்சள். பித்தப்பைக் கல் நழுவிப்போய்ப் பித்தக் குழாயை அடைத்துவிட்டதோ என்று டொக்டருக்குச் சந்தேகம். படத்தில் தெரிந்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்யலாம். கிருஷ்ணகுமாரி ஒரு கோப்பை அன்னாசிச் சாற்றை நீட்டியதும் மனுஷன் முகம் சுண்டிவிட்டது.

“பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி போட்டு படம் எடுத்தாங்க. எனக்கு மட்டும் அன்னாசியா மிஸ்? இது எங்க லயத்துக்குப் பின்னாலயே காய்ச்சுக் கெடக்கு. தோட்டத்து ஆளுன்னா இவ்வளவுதானா? நான் வீட்டுக்குப் போறேன்.”

சொன்னபடியே சட்டையைத் தேட ஆரம்பித்தார். அப்படியே போனால் அடைப்போடுதான் போவார். அது உயிருக்கே உலை வைத்துவிடும். அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இதே கேள்வியைக் கேட்கத் துணியாமல் எத்தனையோ இடங்களில் வாயை மூடிக்கொண்டு திரும்பியவர் அவளுடைய அப்பா.

“மாமா, நானும் லயத்துப் புள்ளதான். ஊசி மருந்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கிட்னி வழியா வெளிய போகும்; ஒங்க கிட்னி ஏற்கனவே தளர்ந்திருக்கு. மத்தது ஈரல் வழியா பித்தத்துல கலந்து வரும். கண்ணு இப்புடி மஞ்சளா இருக்கிறப்ப அது குழாய்க்குச் சரியா வந்து சேராது. இந்தச் சாறு வயித்துல உள்ள தண்ணிய படத்துல கறுப்பாக்கிடும். பித்தக் குழா மட்டும் வெள்ளையா தெரியும். டொக்டர் யோசிச்சுத்தான் சொன்னாரு. ஊசிதான் நல்லதுன்னா நானே சண்ட புடிச்சு போட வச்சிருப்பேன்.”

“எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கோப்பையை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, தானே போய்ப் படுத்துக்கொண்டார்.

படம் பளிச்சென்று விழுந்தது. குழாயின் அடியில் கல் தெளிவாகத் தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். வயிற்றில் கத்தியே படவில்லை.

கிளினிக் நாளில் முத்துவீரன் உரப்பை நிறைய அன்னாசியோடு வந்து நின்றார். “அடுத்தாப்ல வாறவங்களுக்குக் குடுங்க” என்றார். பிறகு வரிசையில் இருந்த அத்தனை பேர் பக்கமும் திரும்பி, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில் உரக்கச் சொன்னார், “மே அபே வத்தே துவ.”

எங்கள் தோட்டத்து மகள். கிருஷ்ணகுமாரி உரப்பையை வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.